கையெழுத்துக்கு ஒரு நிபுணர்

2021 நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவின் ஸில்லோ நிறுவனம், வீடுகளை வாங்கி விற்கும் தன் பிரிவை மூடுவதாக அறிவித்தது. ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை போகும் என்றும் சொன்னது. அதற்கு முந்தைய காலாண்டில் மட்டும் அது 9,680 வீடுகளை வாங்கியிருந்தது, விற்றது 3,032. கையில் தங்கிய வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கும் மேல் குறைத்துக் கணக்கு எழுத வேண்டி வந்தது. வீட்டு விலையை முன்கூட்டிக் கணிப்பதில் உள்ள நிச்சயமின்மை தாங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று அப்போதைய தலைமை நிர்வாகி ரிச் பார்ட்டன் விளக்கம் தந்தார். இத்தனைக்கும் ஸில்லோ இந்தத் துறைக்குப் புதிதில்லை. கோடிக்கணக்கான வீடுகளுக்குத் தானாகவே விலை மதிப்பிடும் அதன் ‘ஸெஸ்டிமேட்’ 2006 முதல் இயங்கி வந்தது. தரவுக்கும் குறைவில்லை, அதைக் கையாளும் திறமைசாலிகளுக்கும் குறைவில்லை. பின் ஏன் சறுக்கியது என்பதைத்தான் செயற்கை நுண்ணறிவைத் தொழிலுக்குள் கொண்டுவர விரும்பும் எவரும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

விடையின் ஒரு பாதி, பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இரண்டு எண்களில் இருக்கிறது. ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்ட வீடுகளுக்கு ஸெஸ்டிமேட் சொல்லும் விலையின் இடைநிலைப் பிழை 2021-இல் சுமார் 2 சதவீதம். விற்பனைக்கு வராத வீடுகளுக்கு அது சுமார் 7 சதவீதம். இவ்வளவு வேறுபாடு எப்படி? ஒரு வீடு விற்பனைக்கு வரும்போது தரகர் நேரில் போய்ப் பார்க்கிறார். சமையலறையைப் புதுப்பித்திருக்கிறார்களா, தெருவில் இரைச்சல் எப்படி, அந்தப் பகுதிக்கு ஆட்கள் இப்போது தேடி வருகிறார்களா விலகுகிறார்களா என்றெல்லாம் எடைபோட்டு ஒரு விலையைக் குறிக்கிறார். அந்த விலையும் கணிப்புக்குள் உள்ளீடாகச் சேர்ந்துவிடுகிறது. ஆக, இயந்திரத்தின் துல்லியம் என்று பேசப்பட்டதில் ஒரு பங்கு அந்தத் தரகரின் அனுபவத்துக்குச் சேர வேண்டியது. ஸில்லோ நேரடியாக விலைக்குக் கேட்டுப் போனதோ பெரும்பாலும் தரகர் இன்னும் கால்வைக்காத வீடுகளுக்கு. 2021 பிப்ரவரியில் ஒரு படி மேலே போய், சில நகரங்களில் ஸெஸ்டிமேட் சொல்லும் தொகையையே தன் தொடக்க விலையாக முன்வைத்தது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பிழை இரு பக்கமும் விழுமே, ஆயிரம் வீடுகள் வாங்கினால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடாதா என்று தோன்றும். மதிப்பிட மட்டும் செய்தால் ஈடுகட்டும். வாங்கப் போனால் ஈடுகட்டாது. மாடிச் சுவரில் ஈரம் கசிவது வீட்டுக்காரருக்குத் தெரியும். விலை குறைவாக வந்தால் அவர் விற்க மாட்டார். அதிகமாக வந்தால் அன்றே கையெழுத்துப் போடுவார். எனவே வாங்குபவரின் கைக்கு வந்து சேர்வது, அவர் கூடுதலாக மதிப்பிட்டுவிட்ட வீடுகளாகவே இருக்கும். ஒரு பக்கத்தாருக்கு மட்டும் பொருளின் தரம் தெரிந்திருந்தால் சந்தை எப்படிக் கோணும் என்று பழைய கார் வியாபாரத்தை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதியதும், அதற்காகப் பிறகு நோபல் பரிசு பெற்றதும் பொருளாதார மாணவர்கள் அறிந்ததே. ஒரு கணிப்பு மாதிரியைத் திரையில் சோதிக்கும்போது கிடைக்கும் பிழை அளவு வேறு, அதை நம்பிப் பணம் கொடுக்கும்போது நேரும் பிழை வேறு.

விடையின் மறுபாதி இதைவிடச் சங்கடமானது. அப்போது வெளியான பத்திரிகைச் செய்திகளின்படி, போட்டியாளர்களை எட்டிப்பிடிக்க வேண்டும் என்று மேலிடம் வாங்கும் விலைகளை உயர்த்தச் சொன்னது. அல்காரிதம் தந்த விலையைத் திருத்தும் உரிமை விலை நிபுணர்களுக்குச் சுருக்கப்பட்டது. ஆகவே ‘இயந்திரத்தை நம்பி மனிதரைக் கைவிட்டார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. மனிதர்கள் உள்ளே இருந்தார்கள், தலையிடவும் செய்தார்கள். தலையிட்டவர்களுக்கு வளர்ச்சி இலக்கு தெரியும், அந்தத் தெரு தெரியாது. தெருவை அறிந்தவர்களுக்கோ தலையிடும் அதிகாரம் இல்லை. செயற்கை நுண்ணறிவும் மனித நிபுணத்துவமும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இந்தக் கோளாறு கண்ணில் படாது. எந்த மனிதர், என்ன அறிவோடு, எந்த அதிகாரத்தோடு இயந்திரத்தின் அருகில் இருக்கிறார், அந்த அறிவு நாளைக்கும் அவரிடம் இருக்க நிறுவனம் என்ன செலவு செய்கிறது என்று கேட்க வேண்டும். நிறுவனங்கள் மிகக் குறைவாகக் கேட்டுக்கொள்ளும் கேள்வி அந்தக் கடைசிக் கேள்விதான்.

இன்று வங்கி, காப்பீடு, மருத்துவமனை என எங்கே ஏஐ திட்டம் வந்தாலும் விளக்கக் குறிப்பின் கடைசியில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது: இறுதி முடிவை மனிதரே எடுப்பார். சட்டமும் அதையே விரும்புகிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், 14-ஆம் பிரிவில், ஆபத்து அதிகமான பயன்பாடுகளுக்கு மனித மேற்பார்வையைக் கட்டாயமாக்குகிறது. இயந்திரம் சொன்னதை அப்படியே ஏற்கும் மனச்சாய்வு குறித்து மேற்பார்வையாளருக்கு விழிப்பு வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் சிக்கலை முகர்ந்திருக்கிறார்கள். ஆனால் விழிப்பாக இரு என்று எழுதிவைத்தால் விழிப்பு வந்துவிடுமா? 2020 முதல் 2023 வரை வெளியான 106 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை ஒன்று 2024-இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்தது. மனிதரும் ஏஐயும் சேர்ந்து செய்த வேலை, அவ்விருவரில் சிறந்தவர் தனியாகச் செய்ததைவிடச் சராசரியில் மோசமாகவே இருந்தது. முடிவெடுக்கும் பணிகளில் சரிவு தெரிந்தது; எழுத்து, வடிவமைப்பு போன்ற ஆக்கப் பணிகளில் கூட்டு பலன் தந்தது. இன்னொரு கண்டுபிடிப்புதான் நம் வாதத்துக்கு முக்கியம். தனியாகவே இயந்திரத்தைவிடச் சிறப்பாகச் செய்யக்கூடிய மனிதர்கள் அதனுடன் சேர்ந்தபோது பலன் கூடியது. இயந்திரத்தைவிடப் பலவீனமானவர்கள் சேர்ந்தபோது குறைந்தது. எப்போது இயந்திரத்தை நம்பலாம், எப்போது கூடாது என்று தெரிவதற்கே அந்தத் துறையில் சொந்தக்கால் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மனிதரை எதற்குக் கட்டி இழுக்க வேண்டும், பல வேலைகளில் இயந்திரமே மேல் என்றால் அதனிடமே விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இதை எளிதில் ஒதுக்க முடியாது. நிபுணர்களின் தன்னம்பிக்கைக்கு எதிரான சான்று எழுபது ஆண்டுகளாகக் குவிந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954-இல் வெளியிட்ட சிறு நூலில், நோயாளியின் போக்கைக் கணிப்பதில் அனுபவசாலிகளின் தீர்ப்பும் எளிய புள்ளிவிவரச் சூத்திரமும் மோதினால் பெரும்பாலும் சூத்திரம் சமமாகவோ மேலாகவோ நிற்கிறது என்று காட்டினார். 2000-இல் 136 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. ஒரே மாதிரியான முடிவை ஆயிரம் முறை எடுக்க வேண்டிய இடத்தில், விளைவு சீக்கிரம் தெரிந்து பிழை திருத்தப்படும் இடத்தில், சூத்திரத்தை மனிதர் ஒவ்வொரு முறையும் தொட்டுத் திருத்துவது கெடுதலே செய்யும். அங்கே இயந்திரத்திடம் விட்டுவிடுவதுதான் நேர்மை. ஆனால் மீலே ஒரு விதிவிலக்கைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் வாரந்தோறும் சினிமாவுக்குப் போவார் என்று சூத்திரம் கணிக்கிறது. அவருடைய கால் இன்று முறிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்தால் சூத்திரத்தைத் தள்ளிவைக்கலாம். கால் முறிந்ததாகத் தோன்றும் தருணங்களெல்லாம் உண்மையில் அப்படியில்லை என்றும் அவர் எச்சரித்தார். முறிந்த காலையும் வெறும் சந்தேகத்தையும் பிரித்தறிய நிபுணர் தேவை. ஸில்லோ எதிர்கொண்டதும் அத்தகைய தருணத்தையே: 2021-இன் அமெரிக்க வீட்டுச் சந்தை, கொரோனா காலத்து ஏற்றம் எந்த நேரமும் தணியக்கூடிய, முந்தைய ஆண்டுகளின் தரவு அதிகம் பேசாத சந்தை.

அந்த நிபுணர் எங்கிருந்து வருவார்? பிரிட்டிஷ் அறிவாற்றல் உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இல் ‘ஆட்டோமேட்டிக்கா’ ஆய்விதழில் எழுதிய சில பக்கக் கட்டுரை இன்றைய ஏஐ விவாதத்தில் பாதிக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறது. அவர் பேசியது ரசாயன ஆலை, விமானம் போன்ற தானியங்கி அமைப்புகளைப் பற்றி. எளிய வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் மனிதருக்கு மிஞ்சுவது இரண்டு: சும்மா கண்காணிப்பது, இயந்திரம் கைவிடும் நெருக்கடியில் திடீரென்று பொறுப்பேற்பது. முதலாவதை மனிதர் நெடுநேரம் ஒழுங்காகச் செய்வதில்லை. இரண்டாவதற்கு உச்சத் திறமை தேவை. அந்தத் திறமையோ தினசரி வேலையால் மட்டுமே கூர்மையாக இருந்தது, அந்த வேலை இப்போது இயந்திரத்திடம் போய்விட்டது. முதல் தலைமுறை தானியங்கி ஆலைகள் ஓடுவதற்குக் காரணம், பழைய கைவேலையில் பழகியவர்கள் இன்னும் பணியில் இருப்பதுதான். அடுத்த தலைமுறைக்கு அந்த மூலதனம் இருக்காது என்றார். இயந்திரம் எவ்வளவு நம்பகமாக ஆகிறதோ அவ்வளவுக்கு மனிதருக்குப் பயிற்சி குறையும் என்பதால், ஏஐ மேம்பட மேம்படச் சிக்கல் தானே தீரும் என்ற நம்பிக்கைக்கும் இதில் பதில் இருக்கிறது.

அண்மையில் இதற்கு அளவிட்ட சான்றும் வந்திருக்கிறது. பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையில் புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகளை அடையாளம் காட்டும் ஏஐ கருவியைப் போலந்தில் நான்கு மையங்கள் பயன்படுத்தத் தொடங்கின. கருவி வருவதற்கு முன், அத்தகைய கட்டி கண்டறியப்பட்ட சோதனைகள் 28.4 சதவீதம். கருவி வந்த பிறகு, அதன் துணையில்லாமல் செய்யப்பட்ட சோதனைகளில் அது 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. இவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. ஒவ்வொருவரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்த அனுபவமுள்ளவர்கள். 2025 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்த இந்த ஆய்வு நடைமுறையைக் கவனித்துச் செய்தது. திட்டமிட்டு இரு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் சில மாதப் பழக்கத்திலேயே கண் மங்கக்கூடும் என்பது கடன் விண்ணப்பம் பரிசீலிப்பவருக்கும் கணக்குத் தணிக்கையாளருக்கும் பொருந்தாது என்று எண்ண எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இங்கே எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றைப் பார்த்துவிட வேண்டும். எரிக் பிரின்யோல்ஃப்சனும் சக ஆய்வாளர்களும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்தார்கள். என்ன பதில் சொல்லலாம் என்று ஏஐ திரையில் யோசனை காட்டியது. மணிக்குத் தீர்த்துவைக்கும் சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது, பழுத்த அனுபவசாலிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்னும் முக்கியமானது, கருவி பழுதாகி நின்ற நேரங்களிலும் அதில் பழகியவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். கற்றிருக்கிறார்கள் என்றே பொருள். எனவே ஏஐ எல்லோரையும் மழுங்கடிக்கிறது என்று பேசுவது தவறு. போலந்துக் கருவி மருத்துவருக்காகப் பார்த்துக் கொடுத்தது. இந்தக் கருவி, திறமையான சக ஊழியர் இப்படிச் சொல்வார் என்று புதியவருக்குக் காட்டியது, பேசியது அவர்தான். வேலையை எடுத்துக்கொள்ளும் கருவிக்கும் வேலையைக் கற்றுத்தரும் கருவிக்கும் விளைவு ஒன்றாக இருக்காது. அதோடு, அந்த யோசனைகள் யாருடைய உரையாடல்களிலிருந்து வந்தன? சிறந்த ஊழியர்களுடைய பழைய உரையாடல்களிலிருந்து. பலன் புதியவருக்குப் போனது, மூலதனம் மூத்தவருடையது. நாளைக்குப் புதுப் பொருளும் புதுச் சிக்கலும் வரும்போது முதல் நல்ல பதிலை யாராவது ஒரு மனிதர் கண்டுபிடித்தாக வேண்டும்.

கருவியின் எல்லை எங்கே முடிகிறது என்பதும் வெளியே தெரிவதில்லை. 2023-இல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடந்த சோதனையில், ஏஐயின் எல்லைக்குள் அடங்கும் பணிகளை அதன் துணையுடன் செய்தவர்கள் 25 சதவீதம் வேகமாகவும் வெகுவாக மேம்பட்ட தரத்திலும் முடித்தார்கள். எல்லைக்கு வெளியே வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு பணியில், துணையோடு செய்தவர்கள் சரியான விடையை எட்டியது, துணையில்லாதவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைவு. இரண்டு பணிகளையும் பார்த்தால் எது உள்ளே எது வெளியே என்று சொல்வது கடினம். விடையின் நடையும் நம்பிக்கையும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

இனி, நிறுவனக் கணக்குகளில் எழுதப்படாத அந்தச் செலவுக்கு வருவோம். தணிக்கை அலுவலகத்தில் ரசீது சரிபார்ப்பது, வக்கீல் அலுவலகத்தில் பழைய தீர்ப்புகளைத் தேடுவது, மென்பொருள் நிறுவனத்தில் சோதனை ஓட்டுவதும் பராமரிப்பு டிக்கெட்டுகளை முடிப்பதும் எல்லாம் அலுப்பான வேலைகள். ஏஐ முதலில் எடுத்துக்கொள்வதும் இவற்றையே. அந்த வேலைகள் தொழிலின் நாற்றங்கால். நிபுணர்களை யாரும் நேரடியாக வயலில் விதைப்பதில்லை. அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவுகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஏஐ அதிகம் புகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரையுள்ளோரின் வேலைவாய்ப்பு மற்ற தொழில்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருப்பதாக 2025-இல் எழுதினார்கள். அதே தொழில்களில் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. வட்டி விகிதம், கொரோனா கால அதீத ஆள்சேர்ப்பு என்று வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு, விவாதம் முடியவில்லை. ஆனால் இது நம்மைத் தொடாத செய்தி அல்ல. சென்னையிலும் கோவையிலும் உள்ள ஐ.டி. சேவைத் தொழில் கட்டப்பட்டிருப்பதே அகன்ற அடித்தளத்தின் மேல்: ஆண்டுதோறும் பெரும் எண்ணிக்கையில் ஃப்ரெஷர்களை எடுத்து, சாதாரண வேலைகளில் பழக்கி, அவர்களில் சிலரைப் பத்தாண்டுகளில் வங்கிப் பரிவர்த்தனையும் காப்பீட்டுக் கோரிக்கையும் உள்ளும் புறமும் தெரிந்த வடிவமைப்பாளர்களாக ஆக்குவது. அடித்தளத்தைச் சுருக்குவது இந்த ஆண்டின் லாபத்தில் உடனே தெரியும். மேல்தட்டு வறண்டிருப்பது பத்தாண்டு கழித்துத் தெரியும். அப்போது முடிவெடுத்த தலைமை நிர்வாகி ஓய்வு பெற்றிருப்பார்.

தானியக்கத்தில் உலகுக்கே வழிகாட்டிய ஒரு நிறுவனம் இதை எப்படிக் கையாண்டது என்பது இங்கே உதவும். டொயோட்டாவின் பரம்பரை கார்களில் தொடங்கவில்லை, தறியில் தொடங்கியது. சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அதனால் ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. பழுது வந்தால் நிற்பது இயந்திரத்தின் கடமை, ஏன் வந்தது என்று ஆராய்வது மனிதரின் கடமை என்ற பிரிவினை அங்கிருந்து கார் ஆலைக்கு வந்தது. வரிசையையே நிறுத்தும் கயிறு சாதாரணத் தொழிலாளியின் கைக்கெட்டும் இடத்தில் தொங்கியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, எல்லாம் ரோபோ மயமான ஆலையில் புதியவர்களுக்குப் பொத்தானை அழுத்தத் தெரிகிறதே தவிர உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியவில்லை என்பதை அடிமட்டத் தொழிலாளியாகச் சேர்ந்து உயர்ந்த மிட்சுரு கவாய் கண்டார். ஜப்பான் ஆலைகளில் கைவேலைப் பகுதிகளை மீண்டும் ஏற்படுத்தினார். 2014-இல் வந்த செய்திகள் அவற்றின் எண்ணிக்கையை ஏறத்தாழ நூறு என்றன. கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்பில் கழிவு 10 சதவீதம் குறைந்ததாகவும் சொல்லின. இதைப் பழமை மோகம் என்று எண்ண வேண்டாம். கையால் செய்து கண்ட நுணுக்கத்தை அவர்கள் திரும்ப ரோபோவுக்கே கற்றுக்கொடுத்தார்கள்.

டொயோட்டாவுக்குக் கட்டுப்படியாகும், கடும்போட்டியில் உள்ள மற்றவர்களுக்கு ஆகுமா? கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டவர்களின் அனுபவத்தையும் பார்க்கலாம். ஸ்வீடனின் கிளார்னா, தன் ஏஐ உதவியாளர் 700 முழுநேர ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று 2024 பிப்ரவரியில் பெருமையுடன் அறிவித்தது. 2025 மே மாதம் அதன் தலைவர் செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி, செலவையே பெரிதாகப் பார்த்ததில் தரம் தாழ்ந்தது என்று ஒப்புக்கொண்டு மீண்டும் ஆள் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஏஐயை அந்நிறுவனம் கைவிடவில்லை, கைவிடவும் தேவையில்லை. ஆனால் பொறுப்பை அதன் தலையில் கட்ட முடியாது. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான கட்டணச் சலுகையைச் சொன்னபோது, சாட்பாட்டின் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்ற ரீதியில் நிறுவனம் வாதாடியதும், பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் 2024-இல் அதை நிராகரித்ததும் தெரிந்த செய்திகள். பொறுப்பு கடைசியில் நிறுவனத்தின் வாசலுக்கே திரும்பி வருகிறது.

நன்றாக அமைந்த ஏற்பாடும் இருக்கிறது. ஸ்வீடனில் எண்பதாயிரம் பெண்களை உட்படுத்திய மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வின் முதல் முடிவுகள் 2023-இல் வந்தன. அங்கே வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்ப்பார்கள். ஆய்வில் ஒரு குழுவுக்கு ஏஐ முதலில் ஆபத்தின் அளவைக் குறித்தது; ஆபத்து குறைந்த படங்களை ஒருவரும் மிகுந்தவற்றை இருவரும் பார்த்தார்கள். படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் வழக்கமான முறையில் பார்த்த குழுவில் 203, ஏஐ குழுவில் 244. மனிதரின் கவனம் எங்கே அதிகம் வேண்டுமோ அங்கே போனது. எந்தப் படமும் மனிதக் கண் படாமல் போகவில்லை. ஆனால் மிச்சமான அந்த 44 சதவீத நேரத்தை நிர்வாகம் என்ன செய்யும் என்பது ஆய்வுக்கு வெளியே உள்ள கேள்வி. மருத்துவர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு பகுதியை, இளம் மருத்துவர்கள் ஏஐ குறிப்பைப் பார்க்காமல் தாங்களே படங்களைப் படித்து, பிறகு ஒப்பிட்டுக் கற்பதற்கு ஒதுக்கலாம். தொழில்நுட்பம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

எனவே ஏஐ திட்டம் ஒன்று இயக்குநர் குழுவின் முன் வரும்போது, ‘இறுதி முடிவு மனிதருடையது’ என்ற வரியைப் படித்துத் திருப்தியடைய வேண்டாம். அந்த மனிதர் ஒரு நாளில் எத்தனை முடிவுகளுக்குக் கையெழுத்திட வேண்டும், இயந்திரத்தை மறுத்தால் அவருக்கு என்ன நேரும், வரிசையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் உண்டா, சென்ற ஆண்டு அவர் எத்தனை முறை மறுத்தார், அவற்றில் எத்தனை சரி என்று கேளுங்கள். பத்தாண்டு கழித்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் இன்று எந்த மேசையில் எந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றும், அதற்கு நிதி எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.